வீட்டில் தொலைகாட்டியை வைத்தற்குரிய இடம்

ஒரு கருவியைத் தேடிப் பெறுதல் ஒரு முயற்சி. பெற்றதனைக் கெடாது காத்தல் மற்றொரு முயற்சி. காத்ததனைப் பயன்கொள்ளுதல் மூன்றாவது முயற்சி. இம்மூன்றனுள் முதலாவதற்கு நாம் செலவிடும் பொருளும் கருத்தும் பெரியன. ஏனைய இரண்டனையும் பற்றி நாம் நினைப்பதே அரிது. தொலைகாட்டி என்னும் கருவிக்கு இவ்வுண்மை மிகப் பொருந்தும். முன்னாளிற் கல்லூரி ஆய்வுகூடங்களில் மாத்திரம் இருந்த அக்கருவி இந்நாளில் வீடுகளிலும் காணப்படுகின்றது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொண்டு வருகின்றனர். பழைய மாணவர் தாம் பயின்ற பாடசாலைக்கு அனுப்புகின்றனர். வந்த சில நாட்களுக்கு வீடு முழுவதும் முற்றத்திற் கூடிச் சந்திரனைப் பார்க்கின்றது. பின்னர் அஃது அலுமாரியின் மேலோ, கட்டிலின் கீழோ, பழம்பொருட்கள் கிடக்கும் அறையின் மூலையிலோ ஓரிடம் பெறுகின்றது. இரண்டு மாரிகள் கழிந்தபின் எடுத்துப் பார்ப்பின், வில்லையிற் சிலந்தி வலை போன்ற வெண்ணூல்கள் படர்ந்திருக்கும், ஆடி மங்கியிருக்கும். கருவி பழுது என்று அதனை மீண்டும் மூலையிலே வைத்துவிடுவர். பெரும்பாலும் பழுது கருவியினதன்று. அது வைக்கப்பட்ட இடத்தினதேயாம். ஆதலின், அதனை வீட்டில் எங்கே வைத்தல் தகும் என்பதனைக் காரணத்தோடு ஈண்டு ஆராய்வாம்.

இடத்தை ஆராயுமுன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். தொலைகாட்டிகள் பெரும்பாலும் இரு வகையின. ஒளியை வில்லையினாற் குவிப்பது ஒரு வகை. குழிவாடியினாற் குவிப்பது மற்றொரு வகை. கலிலியோ 1609ஆம் ஆண்டில் வானை நோக்கித் திருப்பியது வில்லைத் தொலைகாட்டி. 1610இல் வியாழனின் நான்கு துணைக்கோள்களை அவர் கண்ட கருவியின் பொருள்வில்லை, உடைந்த நிலையிலும், யானைத்தந்தச் சட்டத்துள் இன்றும் புளோரன்ஸ் நகரில் வைத்துப் பேணப்படுகின்றது. கண்ணாடி தன்னியல்பில் நானூறு ஆண்டுகளுக்கு மேலும் நிலைக்கும் என்பதற்கு அவ்வில்லையே சான்று.

ஆடியின் கதை வேறு. நியூற்றன் 1668இல் ஆக்கிய முதல் ஆடித் தொலைகாட்டியில் இருந்தது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக ஆடி. அது காற்றின் ஈரத்தால் விரைவில் மங்கும் இயல்பினது. வில்லியம் ஹேர்ஷல் இங்கிலாந்தின் பாத் நகரில், தம் வீட்டுத் தோட்டத்தில் நின்று, தாமே ஆக்கிய அத்தகைய கருவியொன்றினால் 1781 மார்ச் 13ஆம் நாள் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டார். வீட்டிலிருந்த தொலைகாட்டி ஒன்று ஞாயிற்றுக் குடும்பத்தின் எல்லையையே விரித்த நிகழ்ச்சி அது. அவர் 1789இல் நிறைவேற்றிய நாற்பது அடி நீளமான பெருந்தொலைகாட்டிக்கு இரண்டு ஆடிகள் செய்துகொண்டார். ஒன்று மங்கி மெருகிடப்படும்போது மற்றையது பயன்படும் என்பது கருதியே அவ்வாறு செய்தார். பின்னர், 1850களில் கண்ணாடியின் மேல் வெள்ளி பூசும் முறை வந்தது. வெள்ளியும் காற்றுப்பட்டுக் கறுக்கும். 1930களில் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிக் கண்ணாடியிற் படியச் செய்யும் முறை பரவியது. இன்று நம் வீட்டுக்கு வரும் ஆடிகள் எல்லாம் இவ்வினத்தனவே. அப்பூச்சின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அத்துணை மெல்லிய படலமே தொலைகாட்டியின் உயிர்நிலை. அது கெட்டபின், மீளப் பூசுவிக்கும் வசதி நம் நாட்டில் எளிதிற் கிட்டுவதன்று. கடல் கடந்து அனுப்பிப் பெறுதற்கு ஆகும் செலவு சில வேளைகளிற் புதுக்கருவியின் விலையையும் விஞ்சிவிடும்.

இனி, இப்படலத்துக்கும் வில்லைக்கும் பகையாவன யாவை? தூசி என்றே பலர் விடையிறுப்பர். தூசி சிறு பகையே. ஆடியிற் சிறிது தூசி படிந்திருப்பினும் காட்சியில் வேறுபாடு தோன்றாது. பெரும்பகை நீராவி. காற்று நீராவியைத் தாங்கும் ஆற்றல் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகை செல்சியஸிலுள்ள ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமையே தாங்கும். தாங்கக்கூடிய அளவில் எத்தனை சதவீதம் காற்றில் உள்ளது என்பதே சாரீரப்பதன். ஈரக்காற்று ஒரு குளிர்ந்த பொருளைத் தொடும்போது, அதன் நீராவியில் ஒரு பகுதி நீர்த்துளியாய் அப்பொருளின்மேற் படியும். எவ்வெப்பநிலையில் அது படியத் தொடங்குமோ அதுவே பனிபடுநிலை. காற்று 28 பாகையிலும் சாரீரப்பதன் 85 சதவீதத்திலும் இருக்குமாயின், பனிபடுநிலை ஏறக்குறைய 25 பாகை. அஃதாவது, காற்றினும் மூன்று பாகை மாத்திரம் குளிர்ந்த கண்ணாடியும் நனையத் தொடங்கும் என்பதாம்.

நனைதலால் மாத்திரம் கண்ணாடி கெடுவதன்று. நனைந்த நிலை நீடித்தலாற் கெடும். சாரீரப்பதன் 70 சதவீதத்துக்கு மேற் பல நாட்கள் தொடர்ந்து நிற்குமாயின், காற்றில் எங்கும் மிதந்துகொண்டிருக்கும் பூஞ்சண வித்திகள் முளைக்கத் தொடங்கும். கண்ணாடியில் அவற்றுக்கு உணவு யாது என்று வினவலாம். விரற்பட்ட எண்ணெய்ப்பசையும் ஒட்டிய தூசியுமே போதும். தோலுறையும் துணியுறையும் அவற்றுக்கு மேலும் விருப்பமானவை. இருளும் அசையாக் காற்றும் அவற்றின் வளர்ச்சிக்குத் துணை. வளர்ந்த பூஞ்சணம் அமிலம் சுரந்து வில்லையின் மேற்பூச்சையும், பின்னர்க் கண்ணாடியையுமே அரிக்கும். தொடக்கத்தில் துடைத்துப் போக்கலாம். அரித்த தழும்பைப் போக்குதல் இயலாது. கடற்காற்றில் வரும் உப்பு மற்றொரு பகை. அலுமினியத்தின்மேல் இயல்பாகவே தோன்றி அதனைக் காக்கும் ஒட்சைட்டுப் படலத்தை உப்பு ஊடுருவி, ஊசித்துளைகளை உண்டாக்கும். உப்பு ஈரத்தை ஈர்க்கும் தன்மையும் உடையதாகலின், இவ்விரு பகைகளும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். தொலைகாட்டியைப் பேணுதல் பற்றிக் குளிர்நாட்டார் எழுதிய நூல்களிற் பல, அதனை வீட்டினுள் வைக்காது, தோட்டத்திலுள்ள வெப்பமூட்டாத கொட்டகையில் வைக்குமாறு பகர்கின்றன. ஆங்கில வானியல் ஆர்வலருட் பெயர்பெற்ற பற்றிக் மூர் தம் பன்னிரண்டரை அங்குல ஆடித் தொலைகாட்டியை, தண்டவாளத்தில் உருட்டி அகற்றத்தக்க கொட்டகையிலேயே வைத்திருந்தார். அவர் நாட்டுக்கு அது மிகத் தக்கது. மாரியில் அவர்தம் வீட்டின் உள்ளே 20 பாகை, வெளியே நீருறையும் குளிர். வீட்டிலிருந்து வெளியே கொணர்ந்த ஆடி குளிர்ந்து அடங்கும்வரை, அதன் முகத்திலிருந்து இளஞ்சூட்டுக் காற்று எழுந்து, விண்மீனின் உருவை நடுங்கச் செய்யும். இரவு முடிந்து குளிர்ந்த கருவியை மீண்டும் வீட்டினுள் கொண்டுசெல்லின், வீட்டுக் காற்றின் ஈரம் அதன்மேற் படியும். கொட்டகையில் இவ்விரு குறையும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. இங்கே வீட்டின் அகத்துக்கும் புறத்துக்கும் இரவில் உள்ள வெப்ப வேறுபாடு சில பாகைகளே. ஆதலின், கொட்டகையால் நாம் பெறும் நயம் சிறிது, இழப்போ பெரிது. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைமழை பொழியுங் காலத்தில் கொட்டகையின் காற்று வெளிக்காற்றைப் போலவே ஈரம் நிறைந்திருக்கும். சோளகம் வீசுங் காலத்திலோ புழுதியும் கடலுப்பும் அதன் இடுக்குகளினூடே புகும். ஆகவே, குளிர்நாட்டு நூலின் முடிபைக் கொள்ளாது, அம்முடிபுக்கு அடிப்படையான காரணத்தைக் கொள்ளுதலே அறிவுடைமை. காரணம் யாதெனின், கருவி உலர்ந்திருத்தல் வேண்டும். பார்க்குமிடத்தின் வெப்பநிலைக்கு அண்மையதாயும் இருத்தல் வேண்டும் என்பதே. இவ்விரண்டும் ஒருங்கே அமையும் இடத்தையே நம் வீட்டில் நாம் தேடல் வேண்டும்.

இந்நெறி கொண்டு நோக்கின், குளிரூட்டிய அறை பற்றிய ஐயமும் தெளியும். அவ்வறையின் காற்று உலர்ந்தது என்பது உண்மை. ஆயினும், 23 பாகையில் இருந்த கருவியை 28 பாகை ஈரக்காற்றினுள் கொணர்ந்தால், மேலே காட்டிய கணக்கின்படி அது கணத்தில் நனையும். மேலும், குளிரூட்டி பகலில் நிறுத்தப்பட்டு இரவில் இயங்குமாயின், ஈரமும் உலர்வும் மாறி மாறி வந்து கருவியைத் தாக்கும். வேறிடம் இல்லாதார், கருவியை மூடிய பெட்டியோடு அல்லது இறுகக் கட்டிய பையோடு வெளியே கொணர்ந்து, ஒரு மணிநேரம் அவ்வாறே விட்டு, வெப்பநிலை ஒத்தபின் திறத்தல் வேண்டும். அப்போது ஈரம் உறையின்மேற் படியுமேயன்றிக் கண்ணாடியிற் படியாது.

இனி வீட்டின் பகுதிகளை ஒவ்வொன்றாக நோக்குவாம். அடுக்களையும் அதனை அடுத்த அறையும் ஆகா. தாளித்த எண்ணெயின் ஆவியும் புகையும் கண்ணாடியிற் பிசினாய்ப் படியும். சுவாமியறையும் ஆகாது, கர்ப்பூரப் புகையும் விளக்கின் கரியும் அங்கு நாள்தோறும் உண்டு. குளியலறைச் சுவரோடு ஒட்டிய இடம் ஈரம் கசியும் இடம். ஓட்டுக்கூரையின் கீழுள்ள பரண் பகலிற் கொதித்து இரவிற் குளிரும். ஓட்டுத்தூசும் பல்லியும் வௌவாலும் அதற்கு உரியவை. நெல்லும் தேங்காயும் வைக்கும் களஞ்சிய அறையில் எலியும் தவிட்டுத்தூசும் மிகுதி. மோட்டார்க் கொட்டகையிற் புழுதியும் எண்ணெய் ஆவியும் உள. விறாந்தை கடற்காற்றுக்கும் சாரலுக்கும் திறந்தது. அங்கே மூடியின்றி நிற்கும் குழாயினுட் குளவி மண்கூடு கட்டுதலும் உண்டு. வெறுந்தரையில் வைத்தலும் தவறு. சீமெந்துத் தரை மாரியில் ஈரம் கசிவது. கறையானுக்கும் வழி அதுவே.

எஞ்சுவது யாது? வீட்டின் நடுவே அமைந்து, மழை அறையும் வெளிச்சுவரைத் தனக்குச் சுவராகக் கொள்ளாத ஓர் உள்ளறை. பழைய நாற்சார் வீடாயின், முற்றத்தைச் சூழ்ந்த உள்விறாந்தையை அடுத்த அறை பொருந்தும்; புதிய வீடாயின், நடுக்கூடத்தின் உட்சுவரோரம் பொருந்தும். அங்கும், தரைக்கு மேல் ஓரடி உயரத்தில், சுவரிலிருந்து நான்கு விரல் அளவு விலகி, காற்றுச் சிறிது உலாவத்தக்கதாய் வைத்தல் நன்று. யன்னலின் வெயில் நேரே படாத இடமாயிருத்தல் இன்றியமையாதது. முற்றத்துக்குச் செல்லும் வாயிலுக்கு அண்மையாயும், இடையிற் படிகள் குறைந்ததாயும் இருத்தல் வேண்டும். இவ்விறுதி விதியின் காரணத்தைப் பின்னர்க் கூறுவாம்.

இடம் அமைந்தபின், அவ்விடத்தின் காற்றை உலர்த்தும் வழியை நோக்குவாம். சிறிய உறுப்புக்களுக்கு ஒரு முறையும் பெரிய குழாய்க்கு வேறொரு முறையும் தக்கன. பார்வைத்துண்டுகளையும் சிறு வில்லைத் தொலைகாட்டியையும், இறப்பர் விளிம்புடைய காற்றுப்புகாப் பிளாஸ்ரிக் பெட்டியில் இட்டு, அதனுள் சிலிக்கா ஜெல் பொதியொன்றை வைத்தல் வேண்டும். நிறம் மாறும் வகையாயின், அஃது ஈரம் நிரம்பியதை நிறத்தாலேயே அறிவிக்கும். நிரம்பியதனைச் சூட்டடுப்பில் ஏறக்குறைய 120 பாகையிற் சில மணிநேரம் சூடாக்கி மீளப் பயன்படுத்தலாம். நீலமாயிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையிற் கோபாற்று உப்பு உண்டு. அது நஞ்சாகலின் பிள்ளைகளின் கைக்கு எட்டாதிருத்தல் வேண்டும். சிலர் அரிசியைப் பொதிந்து வைப்பர். அரிசி ஈரத்தைக் கவரும் ஆற்றல் சிறிது. அதன் மாவும் அதனை நாடி வரும் வண்டும் செய்யும் தீங்கு பெரிது. கல்சியங் குளோரைட்டு ஈரத்தை நன்கு கவரும். ஆனால் தானே கரைந்து உப்புநீராய் வழிவது. நப்தலீன் உருண்டையின் ஆவியோ கண்ணாடியிற் படியக்கூடும். ஆதலின் இவை மூன்றும் விலக்கத்தக்கன.

பெட்டியுள் அடங்காத பெரிய குழாய்க்கு அலுமாரி தக்கது. வெப்பநாடுகளில் நெடுங்காலமாகக் கையாளப்படும் எளிய உபாயம் ஒன்றுண்டு. அலுமாரியின் அடித்தட்டில் வலுக்குறைந்த பழைய வகை மின்குமிழ் ஒன்றை எரியவிடுதலே அது. காற்றில் உள்ள நீராவி குறையாதிருப்பினும், வெப்பநிலை சிறிது உயர்தலாற் சாரீரப்பதன் வீழும். 27 பாகையில் 85 சதவீதமாயிருந்த காற்றை 31 பாகைக்கு உயர்த்தினால், சாரீரப்பதன் ஏறக்குறைய 67 சதவீதமாகும். பூஞ்சணம் முளைக்கும் எல்லைக்குக் கீழே வந்துவிடும். நான்கு பாகை செய்யும் நன்மை இத்துணைப் பெரிது. புதுவகை எல்.ஈ.டி. குமிழ் இதற்குப் பயன்படாது. அது தரும் சூடு மிகக் குறைவு. குமிழின் அருகே துணியும் கடதாசியும் தொடாதவாறு கம்பிக்கூடு அமைத்தலும், மேற்றட்டிற் காற்றுத்துளை விடுதலும் வேண்டும். தீயின் அச்சம் உள்ளோர் இம்முறையை விடுத்து, மின்னால் இயங்கும் உலர்பெட்டியை வாங்கலாம். மின்னே வேண்டாதார், குழாயின் இரு வாயையும் மூடியிட்டு, மூடியின் உட்புறத்திற் சிலிக்கா ஜெல் பொதியைப் பிணித்து, முழுவதையும் தடித்த பிளாஸ்ரிக் உறையினுள் இட்டு வைப்பினும் பெரிதும் பயன் உண்டு. எவ்வாறாயினும், தோலுறையும் பஞ்சு மெத்தையிட்ட பழைய பெட்டியும் ஆகா. அவை ஈரத்தைத் தம்முள் தேக்கி வைப்பவை.

வைக்கும் வகையும் சிறிது கருதத்தக்கது. ஆடித் தொலைகாட்டியை வாய் மேனோக்க நிறுத்தின், விழும் தூசியெல்லாம் அடியிலுள்ள ஆடியில் விழும். ஆகலின் கிடையாக வைத்தல் நன்று. நிறுத்தியே வைக்க வேண்டுமாயின், மூடி இறுக்கமாயிருத்தல் வேண்டும். அமெரிக்கரான ஜோன் டொப்சன் பரப்பிய எளிய மரத்தாங்கியுடைய தொலைகாட்டிகள் இந்நாளிற் பெருவழக்கு. அவற்றின் தாங்கி பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலானது. ஈரம் பட்டால் ஊதிப் பிளக்கும். அதன் கீழே மரக்கட்டைகளை வைத்துத் தரையினின்று உயர்த்துதல் வேண்டும். மின்கலம் உள்ள கருவியாயின், நெடுநாட் பயன்படுத்தாதபோது மின்கலத்தை அகற்றல் வேண்டும். அதிலிருந்து கசியும் பொருள் உலோகத்தை அரிக்கும்.

வெயில் படாமை வேண்டும் என்றதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, குழாய் சூடேறி, இரவில் நெடுநேரம் காட்சியைக் கலக்கும். மற்றையது பெரிது. மூடியின்றி யன்னலருகே நிற்கும் தொலைகாட்டியின் வாயில் ஞாயிற்றின் ஒளி நேரே புகின், அது குவியுமிடத்திலுள்ள பொருள் தீப்பற்றக்கூடும். பிள்ளையொன்று விளையாட்டாகக் கண்ணை வைப்பின் கண்ணொளியே போய்விடும். ஆகவே, பெரிய குழாய்க்கும் அதன்மேலுள்ள சிறு தேடுகுழாய்க்கும் பகலில் மூடி இருத்தல் கட்டாயம்.

பார்வை முடிந்து கருவியை அதன் இடத்துக்கு மீட்கும் வேளையே அதற்கு மிக ஆபத்தான வேளை. தெளிந்த இரவில் குழாயும் வில்லையும் தம் வெப்பத்தை வானுக்கு இழந்து, காற்றினும் சில பாகை குளிர்ந்து, பனியில் நனையும். அந்நிலையில் மூடியிட்டு உறையுள் வைத்தல், ஈரத்தையும் உடன்வைத்துப் பூட்டுதலாகும். நனைந்த வில்லையைத் துணியால் துடைத்தலும் ஆகாது. கருவியை அறைக்குள் கொணர்ந்து, வாயைச் சற்றே கீழ்நோக்கித் திறந்தபடி வைத்து, ஈரம் தானே உலர்ந்தபின் மூடுதலே முறை. மாரிக்காலத்தில் மாதம் ஒருமுறை, மழை ஓய்ந்த வறண்ட நாளிற் கருவியைத் திறந்து, கைவிளக்கை ஒரு பக்கமாகப் பிடித்து வில்லையையும் ஆடியையும் நோக்கல் வேண்டும். நூல்போன்ற படர்ச்சி தோன்றின், உடனே கருவியை உலர்த்தி, அறிந்தவரிடம் காட்டல் வேண்டும்.

வாயிலுக்கு அண்மையாயிருத்தல் வேண்டும் என்ற விதிக்கு இனிக் காரணம் கூறுவாம். பூஞ்சணத்துக்கு உகந்தன இருளும் அசையாக் காற்றும் என்றோம். அடிக்கடி வெளியே வந்து காற்றும் ஒளியும் படும் கருவியில் அது வளர்தல் அரிது. எடுத்து வைக்க எளிதான கருவியே அடிக்கடி வெளிவரும். எட்டாத உயரத்தில், பத்துப் பொருட்களின் பின்னே வைக்கப்பட்ட கருவி, மிகப் பத்திரமாய் இருப்பதாகத் தோன்றிப் பார்ப்பாரின்றிக் கெடும். பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். திறப்பு ஒருவரிடமே இருந்து, ஆண்டுக்கு ஒருமுறை பொருட்கணக்கு எடுக்கும்போது மாத்திரம் திறக்கப்படும் அலுமாரி தொலைகாட்டிக்கு ஏற்ற இடமன்று. ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில், மாணவர் சிலர் முறைவைத்து மாதந்தோறும் எடுத்துப் பார்த்துக் குறிப்பெழுதும் ஒழுங்கு, எந்தச் சிலிக்கா ஜெல்லினும் சிறந்த காவலாம்.

நாம் வாழும் இடம் வானை நோக்குதற்கு வாய்ப்பானது. வட அகலக்கோடு ஏறக்குறைய 9.7 பாகையில் உள்ள யாழ்ப்பாணத்திலிருந்து, வடக்கே துருவ விண்மீனையும் தெற்கே தென்சிலுவையையும் ஒருங்கே காணலாம். இலண்டனில் இருப்போர்க்குத் தென்சிலுவை ஒருபோதும் எழாது. 2010 ஜனவரி 15ஆம் நாளும் 2019 டிசம்பர் 26ஆம் நாளும் கங்கண சூரிய கிரகணம் நம் வானிலேயே நிகழ்ந்தது. 2031 மே 21ஆம் நாள் தென்னிந்தியாவின் மேலாக இன்னொரு கங்கண கிரகணத்தின் பாதை செல்லும். அன்று நம் வானிலும் ஞாயிற்றின் பெரும்பகுதி மறையும். உரிய ஞாயிற்று வடியைக் குழாயின் முகப்பிற் பொருத்தி அதனைப் பார்க்க விரும்பும் வீட்டாரும் பாடசாலையாரும், இடையில் வரும் மாரிகள் ஒவ்வொன்றையும் தம் கருவி கெடாது கடக்கச் செய்தல் வேண்டும்.

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தொலைகாட்டிக்கு உரிய இடம் வீட்டிலேயே மிக மறைவான இடமன்று. மிக உலர்ந்ததும், வெயில் படாததும், வாயிலுக்கு அண்மையதுமான உள்ளிடமே என்பது பெறப்படும். அத்தகைய இடத்தை ஒதுக்குதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு தட்டும், ஒரு பெட்டியும், சிறிது கருத்தும் போதும். இன்று ஒரு சிறுவன் சனிக்கோளின் வளையத்தைக் கண்டு வியக்கும் அதே வில்லையினூடே, நாளை அவன் பிள்ளையும் அதனைக் கண்டு வியத்தல் கூடும்.